பேச்சு-மொழி நோயியல் முதுநிலைச் சேர்க்கையும் மொழியியலும்

பேச்சு-மொழி நோயியலில் முதுநிலைப் பட்டம் பயில விழையும் மொழியியல் மாணவருக்கு இந்தியாவில் நேர்வழி இல்லை. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்புப் பெற்ற, செவிப்புலவியலும் பேச்சு-மொழி நோயியலும் இணைந்த இளநிலைப் பட்டம் உடையோரே விண்ணப்பிக்கலாம். ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உட்பட நான்காண்டுகள் நீளும் அப்படிப்பு, மேல்நிலையில் அறிவியல் பயின்றோருக்கு உரியது. அமெரிக்காவிலோ பிற துறைப் பட்டதாரிகளும் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றை முடித்தபின் விண்ணப்பிக்கப் பல பல்கலைக்கழகங்கள் இடமளிக்கின்றன.

மைசூர் மானசகங்கோத்ரியில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும், 1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இன்று அண்டை அயலில் உள்ளன. ஆயினும் சேர்க்கை விதிகளில் அவ்வண்மையைக் காண இயலவில்லை.

இதனால் நேரும் இழப்பு மருத்துவமனையில் வெளிப்படும். தென் மாவட்டக் குழந்தை ஒன்று ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்கிறது. இது வட்டார வழக்கு; குறைபாடன்று. பள்ளிப் பருவத்திலும் ‘கரடி’யைக் ‘கலடி’ என்னும் குழந்தையின் நிலை வேறு. அதற்குப் பயிற்சி தேவைப்படலாம். கிளைமொழி அறியாதவர் இரண்டையும் ஒலிப்புப் பிழை என்றே குறிப்பார். ‘கல்’, ‘மகன்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ஒரே ககரம் மூவேறு ஒலிகளாக ஒலிப்பதை உணராதவர் ஆங்கிலச் சோதனையைத் தமிழ்ப்படுத்திப் பயன்படுத்தினாலும் இதே குழப்பம் நேரும்.

இளநிலையில் மொழியியல் ஒரு பாடமாக உண்டு. ஆனால் அதில் தாய்மொழியின் கிளைமொழி வேறுபாடுகளுக்குக் கிடைக்கும் இடம் சிறிதே. முதுநிலைக்கு விண்ணப்பிப்போர் அக்குறையைத் தாமே படித்து நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.