கடல் கடந்த கடை வேலை

கடல் கடந்து பொருளீட்டுவது புதுவையினர்க்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் முன்னோர் பலர் சைகோன் சென்று அலுவல் பார்த்தனர். இன்று துபாய்க் கடைகள் நம் இளைஞரை அழைக்கின்றன.

பத்தாம் வகுப்புத் தேறாத என் அண்ணனும் அங்கே விற்பனையாளராகச் செல்ல விரும்பினார். தரகர் ஒருவர் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார். "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றார். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டார். வீட்டில் கல்லூரி கண்டவன் நான் ஒருவனே; ஆகவே விசாரிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அறிந்ததைக் கூறுகிறேன்.

துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில், கடை முதலாளியே நமக்குப் பொறுப்பேற்று அரசிடம் வேலை அனுமதி பெறவேண்டும். இதுவே ஸ்பான்சர் முறை. விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்கிறது அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம்.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உண்டு. பதிவு பெற்ற முகவரே ஆள் சேர்க்கலாம். கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே. பத்தாவது தேறாதவர் வளைகுடா வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். விசிட் விசாவில் சென்றால் அவ்வனுமதியும் இல்லை. அதனோடு சேர்ந்த 10 இலட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் இல்லை.

தரகரிடம் பதிவு எண்ணையும் முதலாளியின் ஒப்பந்தத்தையும் கேட்டேன். அவர் மறுபடி வரவில்லை. அண்ணனுக்கு என்மீது சற்று வருத்தந்தான். ஆனால் அம்மாவின் சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

நண்பர்களே, நம் தெருவில் எவரேனும் புறப்பட்டால், பணம் கட்டுமுன் அவருடைய தாள்களை நாம் படித்துச் சொல்வோம். நாம் படித்ததன் பயன் அதுவன்றோ!