தொண்டு நிறுவனத்தில் செய்தித் தொடர்புப் பயிற்சி

தொண்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் சில மாதங்கள் பயிற்சி பெற வரும் மாணவரிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் துண்டுப் பிரசுரமோ சுவரொட்டியோ ஆகும். சிறு வேலையாகத் தோன்றினும், நிறுவனத்தின் நிதி வரவு பெரிதும் இதனைச் சார்ந்துள்ளது. 1979-இல் ரிப்பன் கபூரும் நண்பர்களும் பம்பாயில் தொடங்கிய 'கிரை' அமைப்பு, வாழ்த்து அட்டைகளை விற்றுக் குழந்தைகள் நலனுக்கு நிதி திரட்டியதைப் பலரும் அறிவர்.

ஆயினும், இரக்கத்தைத் தூண்டும் முகமே பணத்தைக் கொணரும் என்ற எண்ணம் இப்பணியில் எளிதில் புகுந்துவிடுகிறது. பயிற்சியாளர் சட்டத்தை அறிந்திருக்க வேண்டிய இடம் இதுவே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை விசாரணைச் செய்திகளில் அடையாளம் காட்டுவதையும், அக்குழந்தையின் படத்தை வெளியிடுவதையும் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குழந்தையின் நலன் கருதி உரிய குழு அனுமதித்தாலன்றி விலக்கில்லை.

முகத்தைக் காட்டாது செய்தி சொல்லுதல் இயலாததன்று. ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் 1972-இல் நிறுவப்பட்ட சமூகப் பணி ஆய்வு மையம், வீணான காகிதத்தைக் கூழாக்கிச் செய்த பொம்மைகளைக் கொண்டு கிராமத்தாரிடம் அவர்களது பிரச்சினைகளைப் பேசியது. அதிகாரியைக் கேலி செய்யும் உரிமை மனிதரைவிடப் பொம்மைக்கு அதிகம் என்பதை எம்மைப் போன்றோர் நன்கறிவோம்!

நான் கண்ட மாணவி ஒருவரின் சுவரொட்டியில் சிலேட்டைப் பற்றிய இரு சிறு கைகள் மட்டுமே இருந்தன. அச்சகத்துக்கு அனுப்புமுன் வாசகத்தை அவர் அக்குழந்தையின் தாயிடம் படித்துக் காட்டினார். 'ஏழை' என்னும் சொல் வேண்டாம் என்றார் தாய். அது நீக்கப்பட்டது.