டிஃபரன்சியல் எண்ணெய் மாற்றும் கருவிகள்

டிஃபரன்சியல் எண்ணெய் மாற்றும் கருவிகள் என்பவை, தானுந்தின் அச்சில் உள்ள வேறுபாட்டுப் பல்லிணைப் பெட்டியின் திருகடைப்புகளைக் கழற்றவும், பழைய எண்ணெயை வடிக்கவும், புதிய எண்ணெயை ஏற்றவும் பயன்படும் கைக்கருவிகள் ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இவ்வெண்ணெய் "கிரவுன் ஆயில்" என்றும் அழைக்கப்படுகிறது.

வேறுபாட்டுப் பல்லிணையின் பணி

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓடவேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் டயர் சாலையில் தேயும். இவ்வேறுபாட்டை ஏற்கும் பல்லிணையமைப்புக்கு பிரான்சைச் சேர்ந்த ஒனசிபோர் பெக்கர் 1827இல் காப்புரிமை பெற்றார்.

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில் மலை எப்போதும் வலப்புறம் இருக்குமாறு சுற்றப்படுகிறது. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தால், இடச்சக்கரம் வலச்சக்கரத்தைவிட ஏறக்குறைய 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வியப்பு என்னவெனில், பாதை 14 கி.மீ. ஆனாலும் 140 கி.மீ. ஆனாலும் இந்த வேறுபாடு மாறாது. அது சக்கர இடைவெளியை மட்டுமே பொறுத்தது.

எவ்வண்டிகளுக்குப் பொருந்தும்

மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் வேறுபாட்டுப் பல்லிணை கியர்பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இரண்டிற்கும் ஒரே எண்ணெய் போதுமானது. 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர், டாட்டா சுமோ, மகிந்திரா பொலேரோ, முதல் தலைமுறை டொயோட்டா இன்னோவா ஆகிய பின்சக்கர இயக்க வண்டிகளில் அது பின்னச்சில் தனிப்பெட்டியாக உள்ளது. பௌர்ணமி நாட்களில் திருவண்ணாமலைக்கு ஆட்களை நிறைய ஏற்றிவரும் வாடகை வண்டிகளிலும், போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வண்டிகளிலும் பின்சக்கர இயக்கம் கொண்டவை பல. நிறைசுமையும் தொடர் ஏற்றமும் இவ்வெண்ணெயை வெகுவாகச் சூடாக்குகின்றன.

திருகடைப்பும் கருவியும்

பொதுவாகப் பெட்டியில் இரு திருகடைப்புகள் இருக்கும். அடியில் இருப்பது வடிதிருகு; பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது நிரப்புதிருகு. சில அச்சுகளில் வடிதிருகே இராது. பின்மூடியைக் கழற்றியோ உறிஞ்சுகுழல் கொண்டோ எண்ணெயை எடுக்கவேண்டும்.

தலையின் வடிவமே கருவியைத் தீர்மானிக்கிறது. பல டொயோட்டா வண்டிகளில் வெளியே துருத்திய 24 மி.மீ. அறுகோணத் தலை உள்ளது. இதற்கு ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர் ஏற்றது. பன்னிருமுகம் கொண்டது முனைகளை மட்டும் பற்றுவதால் வழுக்கக்கூடும். உட்குழிந்த அறுகோணமாயின் ஆலன் கீ தேவை. உட்குழிந்த சதுரம்தான் பலரையும் ஏமாற்றுவது. முக்கால் அங்குலத்தில் பாதியான மூன்றெட்டு அங்குலச் சதுரம் 9.5 மி.மீ.; அது 10 மி.மீ. குழிக்குள் எளிதாக நுழைந்துவிடும், ஆனால் அரை மில்லிமீட்டர் ஆடும். பல ஆண்டுகள் இறுகிய திருகில் அந்த ஆட்டமே குழியின் மூலைகளை மழுங்கடிக்கப் போதும். குழியிலுள்ள சேற்றை முழுதாகச் சுரண்டி எடுத்து அளந்தபின் கருவியைத் தேர்ந்தெடுப்பது நன்று. அரை அங்குல ராட்செட்டின் முனையே 12.7 மி.மீ. சதுரமாதலால், சில அச்சுகளுக்கு வேறு கருவியே வேண்டியதில்லை.

நிரப்புதிருகை முதலில் தளர்த்த வேண்டும். வடிதிருகைக் கழற்றி எண்ணெயை வடித்தபின் நிரப்புதிருகு கழலாமல் மழுங்கினால், எண்ணெயற்ற அச்சுடன் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மழுங்கிய திருகின்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்புவது பட்டறை வழக்கம். எண்ணெய் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால் இது தேர்ந்தவர் செய்யவேண்டிய பணியாகும்.

வண்டியைத் தூக்கும்போது

இங்கு வேறுபாட்டுப் பல்லிணையே ஆபத்தாக மாறுகிறது. பின்சக்கர இயக்க வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், அது தடையின்றிச் சுழலும். எனவே கியரில் போட்டு நிறுத்தியது வண்டியைப் பிடிக்காது. இரு பின்சக்கரங்களையும் தூக்கினாலோ, அவற்றில் மட்டுமே செயல்படும் கைப்பிரேக்கும் பயனற்றதாகி, முன்சக்கரங்கள் உருளத் தொடங்கும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்காமலும், தாங்கிகள் வைக்காமலும் அடியில் படுப்பது உயிரிழப்பில் முடியலாம். சர்வீஸ் குழியில் வேலை செய்தால் இவ்விடர் இல்லை. வண்டி மட்டமாக நிற்பதால் எண்ணெய் அளவும் சரியாக அமையும்.

எண்ணெய் ஏற்றுதல்

சில கிலோமீட்டர் ஓட்டியபின் வடித்தால் எண்ணெய் இளகி முழுதாக வெளியேறும். நிரப்புதுளை பக்கவாட்டில் உள்ளதால் புனல் மட்டும் உதவாது. கைப்பம்போ, நீண்ட குழாய் செருகிய புனலை உயரத்தில் பிடிப்பதோ வழியாகும். எண்ணெய் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு வழியும்போது அளவு போதுமானது.

ஹைப்பாய்டு வகைப் பல்லிணைகளில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தத்துடன் வழுக்குவதால், கந்தக-பாசுபரசுச் சேர்மங்கள் கலந்த ஜிஎல்-5 தர எண்ணெய் பொதுவாகப் பயன்படுகிறது. அதையே கியர்பெட்டியிலும் ஊற்றுவது தவறு. சில வகைகள் அங்குள்ள பித்தளை வளையங்களைக் கெடுக்கும்.

வடித்த எண்ணெய் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு தீங்கான கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மூடிய கலனில் சேர்த்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைக்கவேண்டும்.