வெளிச்சம் பார்த்து ரோல் வாங்குங்கள்

வீட்டு அலமாரியில் கிடந்த அப்பாவின் கேமராவைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, எந்த ரோல் நல்ல ரோல்?” நான் திருப்பிக் கேட்பேன்: “எங்கே, எத்தனை மணிக்குப் படம் எடுக்கப் போறீங்க?” அது தெரியாமல் ரோல் வாங்கக் கூடாது.

டப்பாவில் 100, 200, 400 என்று ஐஎஸ்ஓ எண் இருக்கும். பழைய ஆட்கள் நாங்கள் ஏஎஸ்ஏ என்போம். எண் இரட்டிப்பானால் பாதி வெளிச்சமே போதும். பிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்புப் படிகங்கள் பெரிதாக இருந்தால் மங்கிய ஒளியையும் பிடித்துக்கொள்ளும். படத்தில் குருணையும் கூடும். 100 ரோலில் குருணை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும்.

எங்கள் மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. உச்சி வெயிலில் லென்ஸை எஃப் 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ரோலின் எண்ணுக்கு நெருக்கமாக வைப்பது பழைய கணக்கு. 400 ரோலுக்கு ஷட்டர் 500-இல் நிற்கும். பல பழைய கேமராக்களுக்கு எல்லையே 500 அல்லது 1000தான். லென்ஸைத் திறந்து பின்னணியை மங்கலாக்க வழியிருக்காது. 100 ரோல் போட்டால் அதே 500 வேகத்தில் எஃப் 8 வரை திறக்கலாம். பகலில் மட்டும் எடுப்பவருக்கு 100 அல்லது கோடக் கோல்டு 200 போதும்.

ஆனால் நாள் முழுக்க வெயிலிலேயே இருக்கிறோமா? விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், மாலை மங்கியபின் சித்திரை வீதி, வீட்டுக்குள் பாட்டி. இதற்கெல்லாம் 400தான் கை கொடுக்கும். எஃப் 2 லென்ஸ் இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்திலும் 30 வேகத்தில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். பகல் வெளிச்சத்துக்கான கலர் ரோலில் டியூப்லைட் பச்சையடிக்கும், குண்டு பல்பு மஞ்சளடிக்கும். வீட்டுக்குள் எடுக்க நான் இல்போர்டு எச்பி5 பிளஸ், கோடக் டிரை-எக்ஸ் போன்ற கருப்பு வெள்ளை ரோல்களையே போடுகிறேன். கழுவும் நேரத்தைக் கூட்டினால் அவற்றை 1600 வரை இழுக்கலாம். குருணையும் கறுப்பும் ஏறும், முகம் நிற்கும்.

கழுவுவதையும் முன்பே யோசியுங்கள். கலர் நெகட்டிவை லேபில் சி-41 முறையில் கழுவுவார்கள். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். டெவலப்பர் வழக்கமாகக் கேட்பது 20 டிகிரி. நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு, ஐஸ் வைத்துத்தான் இறக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இல்போர்டு எக்ஸ்பி2 சூப்பர் இருக்கிறது. அது கருப்பு வெள்ளைதான், ஆனால் கலர் லேபிலேயே கழுவிக்கொள்ளலாம்.

கலர் நெகட்டிவ் தாராளமானது. ஒளி இரண்டு ஸ்டாப் கூடி நாலு மடங்கானாலும் தாங்கும். குறைந்தால்தான் நிழல்கள் சேறாகிவிடும். மீட்டரில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடவே கொடுங்கள். ஸ்லைடு ரோல் நேர்மாறு: அரை ஸ்டாப் தப்பினாலும் காட்டிக்கொடுக்கும். தவிர, இ-6 என்ற தனி முறையில் கழுவ வேண்டும். அன்றாடப் படத்துக்கு அது வேண்டாம்.

1960-இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ ரோலில் தொழில் பழகியவன் நான். அந்த ஆலை மூடிவிட்டது. இன்று கடைக்கு வரும் பிலிம் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். அதனால் வாங்கிய ரோலை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். பிரிட்ஜில் வையுங்கள், வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து டப்பாவைத் திறங்கள். விமான நிலையத்தில் ஸ்கேனரில் போடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 400 கலர் நெகட்டிவ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேறு எதையும் தொடாமல் நாலைந்து ரோல் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் வேகத்தையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்து எந்த ரோல் வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.