வீட்டு வண்டியில் சலவை இயந்திரம்: வாங்கும் முறையும் பனிக்காலப் பாதுகாப்பும்



நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் விடுமுறை வந்தால் ஓட்டல் தேடி அலைவதில்லை. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த வண்டி ஒன்றில் குடும்பத்தோடு புறப்பட்டு விடுகிறார்கள். அந்த வண்டிக்கு அங்கே ஆர்.வி. என்று பெயர். அந்நாட்டில் தயாராகும் ஆர்.வி.களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில், எல்க்கார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் தயாராகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இந்த வண்டியிலேயே வாழ்வதும் உண்டு. பனிக்காலத்தில் வடக்கே இருக்க முடியாமல் அரிசோனா, புளோரிடா போன்ற சூடான மாநிலங்களுக்கு வண்டியை ஓட்டி வந்துவிடுவார்கள்.

பெரிய செலவு என்றால் ஊரிலுள்ள தகப்பனாரை ஒரு வார்த்தை கேட்பது நம் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம். "வண்டிக்குள்ளேயே துணி துவைத்து உலர்த்தும் மெஷின் வைக்கலாமா அப்பா?" என்று மகன் போனில் கேட்டால், "உன் இஷ்டம்" என்று சொல்லி முடித்துவிடாமல் நாலு கேள்வி திருப்பிக் கேட்கும் அளவுக்கு நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

முதலில் கணக்கு

எந்தச் சாமானையும் விலையைப் பார்த்து வாங்கக் கூடாது, அது எத்தனை தடவை பயன்படும் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. இந்த இயந்திரம் ஆயிரம் டாலருக்கு மேல் போகும். பொருத்துகூலியும் சேர்த்து 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் தங்கும் முகாம்களில் காசு போட்டுத் துவைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தடவை துவைத்து உலர்த்த 6 டாலர் ஆகிறது என்று கொண்டால், 250 தடவை துவைத்த பிறகுதான் போட்ட முதல் திரும்பும்.

ஆண்டு முழுவதும் வண்டியில் வாழ்பவர் வாரம் இரண்டு தடவை துவைத்தால் இரண்டரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஆண்டுக்கு 10 வாரம் மட்டும் போய் வாரம் ஒரு தடவை துவைப்பவருக்கு 25 ஆண்டு ஆகும். அதற்குள் வண்டியே பழைய இரும்புக்குப் போய்விடும். ஆகவே மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வருஷத்தில் எத்தனை நாள் வண்டியில் இருப்பாய்?" என்பதுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வசதியைக் கருதி வாங்குவது வேறு விஷயம். அதைக் காசுக் கணக்கில் சேர்க்க முடியாது.

எடை, தண்ணீர், மின்சாரம்

ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு பாரம்தான் ஏற்றலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அது வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். இயந்திரத்தின் எடை ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டை, அதாவது 65 முதல் 70 கிலோ வரை. லாரியில் ஒரு மூட்டை கூடினால் ஒன்றும் ஆகாது. ஆனால் பாத்திரம், படுக்கை, மளிகைச் சாமான், ஆட்கள் என்று முன்பே வரம்பை எட்டிய வண்டியில் அந்த ஒரு மூட்டை டயரையும் அச்சையும் பாதிக்கும்.

தண்ணீரும் அப்படியே. அமெரிக்க கேலன் ஒன்று 3.785 லிட்டர். ஒரு தடவை துவைக்க, மாடலைப் பொறுத்து 10 முதல் 15 கேலன் வரையும் சிலவற்றில் அதற்கு மேலும் செலவாகும். வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டியும் கழிவுத் தண்ணீருக்கு ஒரு தொட்டியும் உண்டு. கழிவுத் தொட்டி 40 கேலன் என்றால் இரண்டு தடவை துவைத்ததுமே முக்கால் பங்கு நிறைந்துவிடும். ஆகவே தண்ணீர்க் குழாய், மின்சாரம், சாக்கடை இணைப்பு மூன்றும் உள்ள முகாமில் தங்குபவருக்குத்தான் இந்த மெஷின் ஒத்துவரும். காட்டோரம் நிறுத்துகிறவருக்கு ஒத்துவராது.

மின்சாரம் அங்கே 120 வோல்ட். சிறிய வண்டிகளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு. பெருக்கிப் பார்த்தால் 3,600 வாட்தான் வருகிறது. ஏர்கண்டிஷனரும் ஓடி, மைக்ரோவேவ் அடுப்பும் ஓடி, துணி உலர்த்தும் சூடும் சேர்ந்தால் பியூஸ் போனது போல் சுவிட்ச் விழுந்துவிடும். பெரிய வண்டிகளில் 50 ஆம்பியர் இணைப்பு இருக்கும். அதில் இரண்டு வழிகளாக மின்சாரம் வருவதால் மொத்தம் 12,000 வாட் கிடைக்கும். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

எந்த வகையை வாங்குவது?

மூன்று வகைகள் உள்ளன.

1) துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே பெட்டியில், வெளிக்காற்றுக் குழாயுடன். ஈரக் காற்றை வண்டியின் பக்கச் சுவரில் 4 அங்குலத் துளை வழியாக வெளியே தள்ளிவிடும். துணி சீக்கிரம் உலரும். சுவரில் துளை போட வேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம்.

2) அதே ஒற்றைப் பெட்டி, வெளிக்குழாய் இல்லாமல். ஈரக் காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கிக் கழிவில் விடும். துளை தேவையில்லை, ஆனால் உலர நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

3) ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பெட்டிகள். கீழே துவைக்கும்போதே மேலே முன் துவையல் உலரும். பெரிய குடும்பத்துக்கு நல்லது. இடமும் எடையும் கூடுதல்.

ஒற்றைப் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை துவைக்கும் எடை. உலர்த்துவதற்கு ஏறக்குறைய அதில் பாதிதான் போட வேண்டும். நிறையப் போட்டால் நாலு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவும் கசங்கியும் வரும். "மெஷின் சரியில்லை" என்று சொல்வோரில் பலர் கூடுதல் துணி போடுகிறவர்களே.

புது வண்டியிலேயே சூடான, குளிர்ந்த தண்ணீர்க் குழாய்கள், கழிவுக் குழாய், மின்பிளக் எல்லாம் வைத்து மெஷினுக்கென்று ஓர் அலமாரி விட்டிருப்பார்கள். அது இருந்தால் பொருத்துகூலி மிச்சம். சோப்புப் பவுடர் நுரை குறைந்ததாக இருக்க வேண்டும். நம் கடைகளில் ஃப்ரண்ட் லோடு என்று அச்சிட்டு விற்கிறோமே, அந்த வகை. அதுவும் சிறிதளவே போதும். வண்டியை மட்டமான தரையில் சமமாக நிறுத்திய பிறகே மெஷினை ஓட்ட வேண்டும். கோணலாக நின்றால் பிழியும்போது வண்டியே ஆடும்.

பனிக்காலம் என்னும் பகைவன்

இனிதான் முக்கியமான சங்கதி. கோடையில் சோடா பாட்டிலைச் சீக்கிரம் குளிரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்து மறந்துபோனால் பாட்டில் வெடித்துவிடும் என்பது கடைக்காரர் எவருக்கும் தெரியும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடுகிறது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ அதைத் தாங்காது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே நிறுத்திய வண்டி முழுவதும் ஓர் ஐஸ் பெட்டிதான். மினசோட்டா, வடக்கு டக்கோட்டா பக்கம் மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழேயும் போகும்.

வண்டித் தொட்டியைத் திறந்து காலி செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சலவை இயந்திரத்தில் தண்ணீர் மூன்று இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் தங்குகிறது. தண்ணீர் உள்ளே வரும் வால்வில் கொஞ்சம், தொட்டிக்கு அடியிலுள்ள பம்பில் கொஞ்சம், கழிவுக் குழாயின் வளைவில் கொஞ்சம். ஒரு டம்ளர் தண்ணீரே வால்வையும் பம்பையும் பிளக்கப் போதும்.

நாங்கள் மிச்சிகன் மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்த சமயம், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தோம். தொட்டியையும் குழாய்களையும் ஒழுங்காகக் காலி செய்திருந்தார். மெஷினை மட்டும் விட்டுவிட்டார். பனிக்காலம் முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரலில் தண்ணீரைத் திறந்த பிறகுதான் பம்பின் விரிசல் வழியாகக் கசிந்து பலகைத் தரைக்குள் இறங்கியது. மெஷினோடு தரையையும் மாற்ற வேண்டியதாயிற்று. உறைந்து வெடித்ததற்குப் பொதுவாக உத்தரவாதம் செல்லாது. சில டாலர் பெறுமான திரவம் வாங்கி ஊற்றியிருந்தால் இந்த நஷ்டமே இல்லை.

செய்ய வேண்டிய முறை

1) துணியில்லாமல் மெஷினின் பம்ப் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள் அனைத்தையும் காலி செய்ய வேண்டும்.

2) வெந்நீர்க் கொதிகலனை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு காலி செய்து, தண்ணீர் அதற்குள் போகாதபடி மாற்று வழியில் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் 6 அல்லது 10 கேலன் திரவம் அதை நிரப்பவே வீணாகும்.

3) ரோஸ் கலரில் விற்கும் ஆர்.வி. உறைதடுப்புத் திரவத்தை வண்டியின் பம்ப் மூலம் குழாய்களில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் நிறம் வரும்வரை திறந்து மூட வேண்டும்.

4) பிறகு மெஷினை வெந்நீர்ச் சலவையில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் ரோஸ் திரவம் உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும். அடுத்துக் குளிர்நீர்ச் சலவையில் வைத்து அதே போல் பார்க்க வேண்டும். வால்வுகள் இரண்டு என்பதால் இரண்டையும் செய்ய வேண்டும். வெளிக்குழாய் இல்லாத சில மாடல்களில் உலர்த்தும் பகுதிக்கென்று மூன்றாவது வால்வும் உண்டு. அவற்றில் உலர்த்தும் சுற்றையும் சிறிது நேரம் ஓட்ட வேண்டும்.

5) தண்ணீரை வெளியேற்றும் சுற்றில் வைத்தால் திரவம் பம்பையும் கழிவுக் குழாயையும் கடந்து போகும். கடைசியில் கொஞ்சம் திரவம் உள்ளேயே நிற்கட்டும்.

6) மின்சாரத்தைத் துண்டித்து, மெஷின் கதவைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை வாடை பிடிக்கும். வெளிக்காற்றுத் துளையின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோடவுன் வைத்திருக்கும் நமக்கு எலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வசந்தம் வந்ததும் துணி போடாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டித் திரவத்தைக் கழுவிவிட்டு, அடியில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே துணி போட வேண்டும். மாடலுக்கு மாடல் பொத்தான்கள் மாறும். ஆகவே மெஷினோடு வந்த கையேட்டை எறியாமல் வைத்திருப்பது அவசியம்.

காற்று அடிக்கும் கம்ப்ரசரால் குழாய்களை ஊதிக் காலி செய்வதும் ஒரு முறைதான். ஆனால் மெஷினின் பம்பில் நிற்கும் தண்ணீர் காற்றுக்கு நகராது. அதற்குத் திரவமே வேண்டும்.

திரவம் வாங்குவதில் எச்சரிக்கை

மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 46 செல்சியஸ் என்று புட்டியில் போட்டிருப்பது குழாய் வெடிக்காத அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், ஆனால் குழாயைப் பிளக்காது. தண்ணீர் கலந்தால் அந்தச் சக்தி குறையும். ஆகவேதான் முதலில் தண்ணீரை வடிக்கச் சொன்னோம்.

கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் ஊற்றக் கூடாது. அதிலிருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொல்லும் விஷம். ஆர்.வி. திரவங்களில் நல்லவற்றில் இருப்பது புரொப்பிலீன் கிளைகால். நாம் விற்கும் எசென்ஸ் புட்டிகள் சிலவற்றில் ஐ.என்.எஸ். 1520 என்று அச்சிட்டிருப்பது இந்தப் பொருளைத்தான். அதற்காக ஆர்.வி. திரவத்தைக் குடிக்கலாம் என்று பொருளல்ல.

பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வரும் ஆபத்து நமக்கும் அந்நியமானதல்ல. கிளைகால் இனத்தைச் சேர்ந்த டைஎத்திலீன் கிளைகால் கலந்த இருமல் மருந்தால் 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். எனவே அங்கே பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கே நாமும் கடைப்பிடிப்போம். எந்த ரசாயனத்தையும் அதன் சொந்த டப்பாவிலிருந்து எண்ணெய்ப் புட்டிக்கோ ஜூஸ் பாட்டிலுக்கோ மாற்றி வைக்கக் கூடாது. லேபிளைப் படிக்காமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

ஆகவே மகன் கேட்டால் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை இவைதான். வருஷத்தில் எத்தனை நாள் வண்டியில் இருப்பாய்? பாரம் ஏற்ற இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா? சாக்கடை இணைப்புள்ள முகாமில் தங்குவாயா? பனிக்காலத்தில் வண்டி எங்கே நிற்கும்? ஐந்துக்கும் ஒழுங்கான பதில் வந்தால் தாராளமாக வாங்கச் சொல்லலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் தயங்கி வந்தால், அக்டோபரில் ஒரு நாள் நாமே போன் செய்து, "ரோஸ் திரவம் ஊற்றியாயிற்றா?" என்று கேட்டுவிடுவது நல்லது.