ஒரே ஒரு கியர் போதும், ஆனால் எந்தக் கியர்?

கல்முனையில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. பெரியநீலாவணையில் ஏறி மிதித்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி நிந்தவூர் வரைக்கும் மட்டமான நிலம்தான். மூச்சு வாங்க வைப்பவை பாலங்களும் வேகத்தடைகளும் மட்டுமே. இப்படிப்பட்ட ஊரில் 21 கியர் சைக்கிள் எதற்கு விலைபோகிறது என்பது எனக்கு இன்னும் விளங்காத காரியம். பிள்ளைகள் கேட்கிறார்கள், வாப்பாமார் வாங்கிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் கியர் வயர் துருவேறி இறுகிவிடுகிறது, செயின் நடுவிலுள்ள ஏதோ ஒரு பல்சக்கரத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. காசு கொடுத்தது இருபத்தொன்றுக்கு, ஓடுவது ஒன்றில்.

அந்த ஒன்றைக் கடையில் நிற்கும்போதே யோசித்து எடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

முதலில் பாதையைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 பெருந்தெரு ஊரின் நடுவால் போகிறது. அது வழுவழுப்பான தார். அதிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் கொங்கிறீட் ஒழுங்கை, பிறகு கல் பதித்த ஒழுங்கை, பிறகு குழாய் போடத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், கடைசியில் மணல். மேற்கே வட்டைப் பக்கம் திரும்பினால் கிறவல். ஒரு மீன் வியாபாரி காலையில் கரையிலிருந்து புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் இவை அத்தனையும் அவருடைய சில்லுக்குக் கீழே வந்து போகும். தாருக்கு ஒரு சைக்கிள், மணலுக்கு ஒரு சைக்கிள் என்று வைத்திருக்க யாருக்கும் வசதியில்லை. ஒன்றே எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

ஏற்றமில்லாத ஊரில் ஏற்றத்தின் வேலையைச் செய்வது காற்று. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் வீசும்போது சம்மாந்துறைப் பக்கம் மேற்கே மிதித்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. சூடான காற்று முகத்தில் அறையும், தொடை கனக்கும், சைக்கிள் நகராது. மாரியில் வாடை கிளம்பினால் மருதமுனைப் பக்கம் வடக்கே போகிறவருக்கு அதே கதி. ஆகவே இங்கே கியர் என்பது காற்றுக்கும் சுமைக்குமான கணக்கு.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. பழைய பெரிய சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின் ப்ரீவீலுக்கு 18 பல் என்பது வழமையான அளவு. பெடல் ஒரு சுற்று வந்தால் பின் சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று வரும். 28 அங்குலச் சில்லில் அது ஏறக்குறைய 5.5 மீற்றர் தூரம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் போகலாம். வெறும் ஆளுக்கு, காற்றில்லாத காலையில் இது அருமையான கியர். பின்னால் அரிசி மூட்டையோ பிள்ளையோ ஏறினால், கச்சானும் எதிர்த்தால், இது பாரமான கியர். ப்ரீவீலை 20 பல்லுக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 4.9 மீற்றர். வேகம் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவில் குறையும், முழங்கால் அதற்கு நன்றி சொல்லும். 26 அங்குலச் சில்லுள்ள சைக்கிளில் அதே 44க்கு 18 இருந்தாலே சுற்றுக்கு 5 மீற்றர்தான் வரும். சில்லு சிறியதால் கியர் தானாக இளகிவிடுகிறது. ப்ரீவீல் மாற்றுவது பெரிய செலவுமில்லை, நேரம் எடுக்கும் வேலையுமில்லை. ஆனால் சைக்கிள் வாங்கும்போது பல்லை எண்ணிப் பார்க்கிற ஆளை நம்மூரில் நான் கண்டதில்லை. நிறத்தைத்தான் பார்க்கிறோம்.

கரடுமுரடான பாதைக்கு ஒற்றைக் கியர் போதும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஓர் உதாரணம் உண்டு. அது தொடங்கிய இடம் இலங்கை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் அந்தக் கணக்கில் எவ்வளவு கொடுத்தன என்று இவ்வூரார்க்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு எஃப். கே. டே என்ற அமெரிக்கரும் அவருடைய மனைவி லியா மிஸ்பாக் டேயும் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கி, வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து இலங்கையில் 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். தொழிலும் பாடசாலையும் மீண்டும் எட்டும் தூரத்துக்கு வரட்டும் என்பது நோக்கம். இதில் ஒரு வேடிக்கை: டே, சிக்காகோவின் ஸ்ராம் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்ராம் வளர்ந்ததே சைக்கிள் கியர் விற்றுத்தான். அப்படிப்பட்டவர் இலங்கைக்குப் பிறகு சாம்பியாவுக்குப் போய், ஆபிரிக்கக் கிராமங்களுக்கென்று அந்த அமைப்பு உருவாக்கிய 'பஃபலோ' சைக்கிளுக்கு வைத்தது ஒரே ஒரு கியர். கனத்த இரும்புச் சட்டம், 26 அங்குலச் சில்லு, அகன்ற டயர், 100 கிலோ தாங்கும் கெரியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கியர் விற்றவருக்கே தெரிந்திருக்கிறது, திருத்த ஆளில்லாத இடத்தில் கியர் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று.

அந்தச் சைக்கிள் நமக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் பின்மிதி பிரேக்கைத் திருத்துகிற கடையைத் தேடி அலைய வேண்டும். ஆனால் அதன் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டம், அகன்ற டயர், பலமான கெரியர், ஸ்பிரிங் வேண்டாம். மலிவான சைக்கிளின் முன் ஸ்பிரிங் உப்புக் காற்றில் துருவேறி இறுகிப் போகும். அதுவரைக்கும் நீங்கள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது தின்னும். பள்ளத்தின் உதறலைத் தாங்க வேண்டியது டயருக்குள் இருக்கும் காற்று.

டயர் விசயத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம். '26 டயர் ஒன்று தாங்க காக்கா' என்று கேட்டால், 'எந்த 26 மகன்?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அவர் சரியாகத்தான் கேட்கிறார். மவுன்டன் சைக்கிளின் 26×1.75 ஒரு அளவு. லேடீஸ் சைக்கிளிலும் ஜப்பான் சைக்கிளிலும் வரும் 26×1 3/8 வேறொரு அளவு. இரண்டும் 26தான், ஆனால் ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறாது. டயரின் பக்கவாட்டை விரலால் துடைத்துப் பாருங்கள், சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும்: முதலாவதற்கு 47-559, இரண்டாவதற்கு 37-590, பழைய பெரிய 28×1 1/2க்கு 40-635. கோட்டுக்கு முன்னுள்ளது டயரின் அகலம், பின்னுள்ளது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். இந்த எண்ணைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு வெயிலில் இரண்டு தரம் கடைக்குப் போகும் வேலை மிச்சம்.

என் தெரிவு 26×1.75, அல்லது சட்டம் இடம் கொடுத்தால் 1.95. பெரிய கட்டிக் கட்டியான பல்லுள்ள டயர் வேண்டாம், தாரில் உறுமிக்கொண்டு இழுக்கும். ஆழமில்லாத கோடுள்ள டயர் தாருக்கும் கிறவலுக்கும் ஒத்துப்போகும். மணலில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் புதையாமல் ஓடும். பெரிய 28 சில்லு பள்ளத்தை இலகுவாகத் தாண்டும் என்பது உண்மை, வட்டைக்குப் போகிறவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் உண்டு. ஆனால் அதன் கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழை நாளில் பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம்மும் ரப்பர் கட்டை இரண்டு பக்கமும் இறுக்கும் பிரேக்கும் இருந்தால் அந்தக் கவலை குறைவு. முன்னும் பின்னும் இரண்டு பிரேக் கட்டாயம். வெளிநாட்டு நகரங்களில் பிரேக்கே இல்லாத சைக்கிளை இளைஞர்கள் பந்தாவுக்கு ஓட்டுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏ4இல் பஸ்ஸுக்கு முன்னால் அந்த விளையாட்டு வேண்டாம்.

செயின் கவர் இல்லாத சைக்கிள்தான் இப்போது பார்வைக்கு அழகாம். அபாயா அணிந்து பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போகிற பிள்ளையின் ஓரத்தை அந்தச் செயின் ஒருநாள் கவ்விப் பிடிக்கும். சாறன் உடுத்த வாப்பாவுக்கும் அதேதான். முழுக் கவர் உடுப்பைக் காப்பாற்றுவதோடு மணலையும் செயினுக்குள் விடாது, அதனால் செயின் நெடுநாள் உழைக்கும். குறுக்குக் கம்பி இல்லாத சட்டத்தை 'பொம்பிளைச் சைக்கிள்' என்று ஒதுக்குகிற ஆண்கள், பின்னால் மூட்டை கட்டியிருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

உப்பு எல்லாவற்றையும் தின்னும். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் துளித்துளியாகப் பின் அச்சில் விழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சைக்கிள்களில் சட்டம் உறுதியாக இருக்க, பின் அச்சும் போல்ஸும்தான் முதலில் போகும். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலே வெள்ளம் பாயும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவர்களும் வீட்டுக்கு வந்து அச்சைக் கழற்றிக் கிறீஸ் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதமே கரகரக்கும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பசையாகி மணலைச் சேர்க்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் புதிய என்ஜின் ஒயில் இரண்டு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பிள்ளையின் அடிமட்டம் போதுமானது. ஒரு பின்னின் நடுவிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தை அளந்தால் அங்கே இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினோடு ப்ரீவீலையும் மாற்ற வேண்டி வரும்.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த அந்த இரண்டு கிழமைகளில், கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய சைக்கிள்களெல்லாம் தெருவுக்கு வந்தன. சைக்கிள் விலையும் எகிறியது. அப்போது தயங்காமல் ஓடியவை பாணந்துறையில் தயாராகும் லுமாலாக்களும் வாப்பா காலத்துப் பெரிய சைக்கிள்களும், அதாவது சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கிற சைக்கிள்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அவற்றில் பாதி மறுபடி கோழிக் கூட்டுக்குப் போய்விட்டன என்பது வேறு கதை.

பாவித்த ஜப்பான் சைக்கிள் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். அவை நல்ல சைக்கிள்கள், செயின் கவரும் டைனமோவும் கூடையும் சேர்ந்தே வரும். ஆனால் பின் பிரேக் ரிம்மில் பிடிக்காது, அச்சோடு இருக்கும் உருளைக்குள் பிடிக்கும். அதைத் திருத்தத் தெரிந்த கடை உங்கள் பக்கத்தில் உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாங்குமுன் பின் சில்லைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, ரிம் நெளிகிறதா என்று பாருங்கள். கிராங்கைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் உள்ளே போல்ஸ் போய்விட்டது. சீற்றில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் கடைக்கீழில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், மடிந்தால் சீற்றை உயர்த்தச் சொல்லுங்கள். விலை பேசி முடித்ததும் ஒரு கைப் பம்பையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.