நடக்க முடியாத பிள்ளையும் நம்மோடு வரட்டும்!



ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பத்துமலைக்குப் புறப்படுகிறோம். பெரியவனுக்குப் புதுச் சட்டை, சின்னவளுக்குத் தலை நிறையப் பூ. நடக்க முடியாத நடுப்பிள்ளை மட்டும் பாட்டியோடு வீட்டு வாசலில் இருந்துவிடுகிறான். "அவன இழுத்துக்கிட்டு எப்படிம்மா போறது? பஸ்ஸு, ரயிலு, படி... அங்க போனா நாலு பேரு ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்கிறோம். பாசம் இல்லாமல் இப்படிச் சொல்வதில்லை. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொல்கிறோம். ஆனால், வருடக்கணக்கில் வாசலிலேயே இருத்தி வைப்பதால் அவனுக்கு வரும் கஷ்டம் அதைவிடப் பெரியது.

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை எப்படிப் பத்திரமாக வெளியே கூட்டிப் போவது, எதைக் கவனிப்பது, எங்கே தொடங்குவது என்று இந்த மாதம் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை நடக்காமல் இருப்பது யார் செய்த பாவமும் இல்லை. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த பிறகோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் கைகால் இறுகிப் போகலாம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்திருக்கலாம். இதற்கு ஸ்பைனா பிஃபிடா என்று பெயர். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் நோயாகவும் இருக்கலாம். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். இவை நோய்கள், மறைத்து வைக்க வேண்டிய காரியங்கள் அல்ல.

வெளியே போவதால் என்ன நன்மை?

நாள் முழுதும் ஒரே இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் வரும், மூட்டுகள் இறுகும், எலும்பு வலுவிழக்கும், பசி எடுக்காது. பேச்சும் குறைந்துபோகும், ஏனென்றால் பேசுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. காலை வெயில், காற்று, கோயில் மணி, ரயில் சத்தம், மற்றப் பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அவன் மூளைக்கும் உடம்புக்கும் வேலை கொடுக்கின்றன. டாக்டர் தரும் மருந்துக்கும் பயிற்சிக்கும் பதிலாக இதைச் சொல்லவில்லை. அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டிய வைத்தியம் இது.

நாற்காலி பொருந்துகிறதா?

பெரியவர்களின் நாற்காலியில் சிறு பிள்ளையை உட்கார வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். நாளடைவில் முதுகெலும்பு வளையும். பிள்ளையின் முழங்காலுக்குப் பின்புறமும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாதம் தொங்காமல் மிதிபலகையில் படிய வேண்டும். இடுப்புப் பட்டை அவசியம். அளவு பார்த்துச் சொல்ல, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள்.

மெத்தைக்குப் பதிலாக மோட்டார்சைக்கிள் டியூப்பைக் காற்றடித்துப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. அது வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள வளையம் சுற்றியுள்ள தோலை இழுத்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அழுத்தமான ஸ்பஞ்சு மெத்தை, மேலே பருத்தித் துணி உறை, இதுவே மேல். உணர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு எந்த மெத்தை ஏற்றது என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

தோட்டத்திலேயே தொடங்குங்கள்

முதல் பயணமே கோலாலம்பூராக இருக்க வேண்டாம். முதல் வாரம் திடல் வரைக்கும். அடுத்த வாரம் கோயில். அப்புறம் பட்டணத்துப் பசார். எங்கே போகலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வாய் பேசாத பிள்ளையும் முகத்தால் பதில் சொல்லும்.

செம்மண் சாலையிலும் மணலிலும் முன்சக்கரம் புதைந்துகொள்ளும். அப்போது முன்னால் தள்ளாதீர்கள்; பிள்ளை முகங்குப்புற விழக்கூடும். நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் எளிதாக உருளும்.

படி ஏற்ற: நாற்காலியைப் படிக்கு நேராக நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் இரும்புக் குழாயைக் காலால் மிதித்து முன்சக்கரத்தைத் தூக்கிப் படிமேல் வையுங்கள். பிறகு பின்சக்கரத்தைத் தள்ளி ஏற்றுங்கள்.

சரிவில் இறங்க: செங்குத்தான இறக்கத்தில் நீங்கள் முன்னே, நாற்காலி உங்களைத் தொடர்ந்து பின்னோக்கி வர வேண்டும். அப்போது பாரம் உங்கள் மேல் தாங்கும்; பிள்ளை சறுக்கி விழாது.

நிறுத்தும்போது: இரண்டு பிரேக்கையும் போடுங்கள். காவாய், ஆறு, ரயில் மேடை இருக்கும் இடத்தில் அவற்றுக்கு இணையாகப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நேர் எதிரே நிறுத்தாதீர்கள்.

தூக்கும்போது: கழன்று வரும் கைப்பிடியையும் மிதிபலகையையும் பிடிக்கக் கூடாது. அசையாத சட்டத்தைப் பிடியுங்கள்.

மோட்டார்சைக்கிளில் இருவருக்கு நடுவே பிள்ளையை இடுக்கிக்கொண்டு போவதும், திறந்த லோரியில் நாற்காலியோடு ஏற்றிப் போவதும் அறவே கூடாது. காரில் போனால் பிள்ளையைக் கார் இருக்கைக்கு மாற்றி, பெல்ட் போட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் வையுங்கள்.

வெயிலும் தோலும்

நம் நாட்டு வெயிலுக்குக் காலை பத்து மணிக்கு முன்பும், மாலை நாலரைக்குப் பின்பும் போவதே நல்லது. முதுகுத்தண்டு பாதித்த பிள்ளைகளுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாக வராது. உடம்பு சூட்டை வெளியே விட முடியாது. முகம் சிவந்து, தலைவலித்து, வாந்தி வந்து, பிள்ளை சோர்ந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தெளியாவிட்டால் 999-ஐக் கூப்பிடுங்கள்.

காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குச் சுட்டாலும் தெரியாது. வெயிலில் காய்ந்த இரும்பு, சூடான தார், மடியில் வைத்த தேநீர் எல்லாம் கொப்புளம் போட்டுவிடும். சப்பாத்தும் காலுறையும் போடாமல் வெளியே கொண்டு போகாதீர்கள்.

உட்கார்ந்தே இருப்பதால் வரும் படுக்கைப் புண் மெதுவாகப் பிடித்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் போட்டுவிடும். எவ்வளவு குஷியான பயணமாக இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை, முடிந்தால் அதற்கும் முன்பே, பிள்ளையைச் சற்றுத் தூக்கியோ சாய்த்தோ பாரத்தை மாற்றுங்கள். வீடு திரும்பியதும் பிட்டம், வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியிலும் மாறவில்லை என்றால் அது எச்சரிக்கை. அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, கிளினிக்கில் காட்டுங்கள்.

மூத்திரத்தைக் குழாய் வைத்து எடுக்கும் பிள்ளைக்கு, டாக்டர் சொன்ன நேரத்தை வெளியிலும் தவறவிடக் கூடாது. "வழியில எங்க போறது"ன்னு பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீரகம் கெடும். வலிப்பு மருந்தையும் வேளை தவறாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாய்ந்த நிலையில் ஊட்டினால் புரையேறும்.

பால்மரத் தோட்டத்தார் கவனிக்க!

ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளுக்குச் சிறுவயதிலிருந்தே பல ஆபரேஷன்களும் குழாய்களும் தேவைப்படுகின்றன. அடிக்கடி ரப்பர் கையுறையும் குழாயும் பட்டுப் பட்டு, இவர்களில் பலருக்கு இயற்கை ரப்பரே ஒவ்வாமல் போகிறது. நமக்குச் சோறு போட்ட பால், அந்தப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவை அடையாளங்கள். மூச்சு முட்டினால் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சை வேண்டும்.

திருவிழாவிலும் பூங்காவிலும் விற்கும் பலூனை இந்தப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை. பால் வெட்டி வரும் பெற்றோர், குளித்து உடை மாற்றியபின் பிள்ளையைத் தூக்குவது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரப்பர் கலக்காத குழாயும் கையுறையும் உண்டு.

எங்கே போகலாம்?

பத்துமலை: 2010-ஆம் ஆண்டு முதல் கொம்யூட்டர் ரயில் கோயில் அருகிலேயே போய் நிற்கிறது. கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறலாம். அங்கே லிஃப்ட் உண்டு. புறப்படும் நிலையத்தில் மேம்பாலப் படி ஏற வேண்டுமா என்று முதலில் ஒருவர் போய்ப் பார்த்து வருவது நல்லது. மேடைக்கும் வண்டிக்கும் இடையே இருக்கும் இடைவெளியைக் கடக்க நிலைய ஊழியரைக் கூப்பிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

குகைக்கோயிலுக்கு 272 படி. ஆனால், பத்துமலை என்றால் படி மட்டும் இல்லை. 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலை கீழேதான் நிற்கிறது. அடிவாரக் கோயில்களும், விசாலமான முற்றமும், புறாக் கூட்டமும் கீழே உண்டு. கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமந்து ஏறுவது நம் வழக்கம். வளர்ந்த பிள்ளைக்காக அப்படி ஒரு வேண்டுதல் இருந்தால், தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம். சாதாரண நாள் காலையில், பலமுள்ள இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுமக்க, நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு ஏறுங்கள். மடியில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பாயும். நம் பிள்ளையால் விலகிக்கொள்ள முடியாது. பொட்டலத்தை உங்கள் பையில் வையுங்கள்.

கே.எல்.சி.சி. பூங்கா: கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் நேராகப் போகலாம். 50 ஏக்கர் பூங்கா, உருட்ட வசதியான பாதை, நிழல் மரங்கள், நீரூற்று, ஊனமுற்றோர் கழிப்பறை உள்ள பேரங்காடி எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. முதல் நீண்ட பயணத்துக்கு இதுவே சுலபம்.

பெர்டானா தாவரவியல் பூங்கா: லேக் கார்டன் என்று நம்மவர் அறிந்தது. 1888-இலிருந்து இருக்கும் தோட்டம். ஏற்ற இறக்கம் உண்டு. தள்ள இருவர் வேண்டும். ஏரிக்கரையோடு நின்றாலே போதும்.

பிரிக்பீல்ட்ஸ்: பூ, பலகாரம், பாட்டுச் சத்தம் என்று பிள்ளைக்குக் கண்கொள்ளாக் காட்சி. அங்கே இன்னொன்றையும் காட்டுங்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோல் பிடித்தவர்கள் வேலைக்கும் கடைக்கும் தாமாகவே போய் வருவதை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களை யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை. பார்த்துப் பார்த்து ஊருக்குப் பழகிவிட்டது. நம் பிள்ளையையும் நாலு பேர் பார்த்தால்தான் பழகும். "என்னாச்சு புள்ளைக்கு?" என்று கேட்டால், "அவனையே கேளுங்க, சொல்லுவான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

ஆற்றுக்கும் அருவிக்கும் போனால், மழைக்குப் பின் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும். காலில் புண் உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது.

உரிமை என்ன?

2006-இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற உடன்படிக்கை, ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளைப் போல் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இடம் வேண்டும் என்கிறது. நம் நாடு 2010-இல் அதை உறுதி செய்தது. 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம் பொதுக் கட்டடம், போக்குவரத்து, கல்வி, பொழுதுபோக்கு ஆகியவற்றில் சம வாய்ப்பைச் சொல்கிறது. ஆனால், மீறியவருக்குத் தண்டனை என்று எழுதாமலேயே அச்சட்டம் நிறைவேறியது. ஆகவே, நாம் கேட்டால்தான் நடக்கும். அழுத பிள்ளைக்குத்தான் பால்!

பிள்ளைக்கு இன்னும் ஓ.கே.யூ. அட்டை இல்லையென்றால், டாக்டரின் சான்றோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதியுங்கள். ரயிலில் சலுகைக் கட்டணம் பெறவும், நாற்காலி போன்ற சாதனங்களுக்கு உதவி கேட்கவும் அதுதான் முதல் படி. பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையம் பக்கத்தில் எங்கே உள்ளது என்றும் கேளுங்கள். 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் 55 பேரோடு தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு நாடு முழுதும் பரவியது.

கிளைக் கூட்டத்தில் பேசுங்கள்

பிள்ளை வெளியே வருவது ஒரு குடும்பத்தின் பாரமாக மட்டும் இருக்கக் கூடாது. மண்டபம், கோயில், கிளினிக், ஆயாக் கொட்டகை ஆகிய நான்கிலும் படி இருக்கிறதா, சரிவுப் பாதை இருக்கிறதா என்று கிளை நிர்வாகிகள் ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். கணக்கு எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடிச் சரிவு. கொஞ்சம் சிமெண்டு, மணல், நம்மவர் இருவரின் அரை நாள் வேலை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். கோயிலுக்கு நாமே கட்டலாம்.

அடுத்த முறை கிளை சார்பில் சுற்றுலாவுக்குப் பஸ் பேசும்போது, எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை சக்கர நாற்காலி என்றும் கேளுங்கள். மடித்து வைக்க இடமும் தூக்கி ஏற்ற இரண்டு இளைஞர்களும் முன்கூட்டியே ஏற்பாடாகட்டும். பேர் எழுதும்போது அந்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.